வகுப்பா, காலமா? நந்தினி டீலக்ஸ் தீர்ப்பை 12ஆம் பிரிவின் வழியே படித்தல்

உணவுப் பண்டங்களின் வணிகக் குறிகளைப் பற்றி எழுதுவோர் உச்ச நீதிமன்றத்தின் நந்தினி டீலக்ஸ் தீர்ப்புக்கு (2018 ஜூலை 26) வந்ததும் பெரும்பாலும் ஒரே கருத்தைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்: ஒரு வகுப்பில் சில சரக்குகளுக்குப் பதிவு பெற்றவர் அந்த வகுப்பு முழுவதற்கும் உரிமை கொண்டாட முடியாது. தீர்ப்பில் இந்தக் கருத்து இருப்பது உண்மை. வழக்கின் முடிவைத் தாங்கி நிற்பது அதுதானா என்பதே என் கேள்வி. அல்ல என்பது என் வாதம். அந்த முடிவு சரியானது. ஆனால் அதற்கு நியாயம் வழங்கக்கூடியவை வகுப்பு பற்றிய விதியும் அல்ல, இரு சின்னங்களின் தோற்ற வேறுபாடும் அல்ல. நேர்மையாகத் தொடங்கி நெடுங்காலம் உடனிருந்த பயன்பாடுதான் அதற்கு ஆதாரம். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் அதற்கென்றே 12ஆம் பிரிவை வைத்திருக்கிறது. நான் படித்த அளவில், தீர்ப்பு தன் பாரத்தை அந்தப் பிரிவின் மேல் வைக்கவில்லை. இந்த இடைவெளியைக் கவனிக்காததால்தான் பின்னர் எழுதியவர்கள் அதைத் தேவைக்கு மேல் பெரிய விதியாக்கிவிட்டார்கள்.

கர்நாடகக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1985 முதல் ‘நந்தினி’ என்ற பெயரில் பாலும் பால் பண்டங்களும் விற்றுவருகிறது. 29, 30ஆம் வகுப்புகளில் பதிவும் பெற்றிருந்தது. 1989இல் பெங்களூரில் அதே பெயரில் ஓர் உணவகம் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் அதற்கு ஒரு ‘எச்’ கூடுதல். பக்கத்தில் ‘டீலக்ஸ்’ என்ற சொல், ஒரு விளக்கின் படம், மசாலாவைச் சொல்லும் ஒரு வாசகம். கூட்டமைப்பின் சின்னத்தில் இருப்பது பசு. உணவகம் தன் உணவுப் பொருள்களுக்குப் பதிவு கேட்டது, கூட்டமைப்பு மறுப்புத் தாக்கல் செய்தது. 2007இல் துணைப் பதிவாளர் உணவகத்துக்குச் சாதகமாக முடித்தார். 2011இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் அதைக் கவிழ்த்தது. 2014இல் கர்நாடக உயர் நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து நீதிபதிகள் ஏ.கே. சிக்ரியும் அசோக் பூஷணும் அடங்கிய அமர்வு பதிவை மீட்டுக்கொடுத்தது, பாலும் பால் பண்டங்களும் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும் என்ற வரம்போடு.

அமர்வு சொன்ன காரணங்கள் நான்கு இழைகளாக ஓடுகின்றன. கூட்டமைப்பு விற்பது பால் சார்ந்தவை, உணவகம் கேட்பது இறைச்சி, மீன், கோழி, சமைத்த காய்கறி போன்றவை. ஒரே வகுப்பில் இருப்பதால் மட்டும் அவை ஒத்த சரக்காகிவிடா. இரு சின்னங்களும் முழுமையாகப் பார்க்கும்போது வேறு வேறாகத் தெரிகின்றன. நந்தினி என்பது தெய்வத்துக்கும் புராணப் பசுவுக்கும் உரிய பெயர். யாரும் புதிதாகப் புனைந்த சொல்லல்ல. நான்காவது, உணவகம் தொடங்கிய 1989இல் கூட்டமைப்பு அந்தப் பெயரைப் பயன்படுத்தி நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதற்குள் அந்தப் பெயர் தனித்தன்மை பெற்றுவிட்டதாகக் காட்டப்படவில்லை.

முதல் இழைக்குத் துணையாக நின்றது 1996இன் விஷ்ணுதாஸ் தீர்ப்பு. அந்த வழக்கின் இயல்பை நினைவில் கொள்ளாமல் அதன் விதியை மட்டும் பெயர்த்து எடுப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது என்று கருதுகிறேன். ஐதராபாத்தின் வஜீர் சுல்தான் புகையிலை நிறுவனம் ‘சார்மினார்’ பெயரைப் ‘பதப்படுத்திய புகையிலை’ என்ற அகலமான தலைப்பில் பதிந்து வைத்திருந்தது. அது விற்றதோ சிகரெட் மட்டும். கிவாமும் ஜர்தாவும் விற்ற ஒருவர் அதே பெயருக்குப் பதிவு கேட்டபோது இந்த அகலம் குறுக்கே நின்றது. எனவே அவர் பதிவேட்டைத் திருத்தக் கோரினார். உச்ச நீதிமன்றமும் பதிவைச் சிகரெட்டோடு குறுக்கியது. பயன்படுத்தாத சரக்குகளின் மேல் பதிவு பெற்று, அந்தத் தலைப்பை வைத்துப் பிறரைத் தடுப்பது கூடாது என்பதே அங்கே எழுந்த பிரச்சினைக்குக் கிடைத்த விடை. அது பதிவேட்டைத் துப்புரவாக்கும் வழக்கு. கேள்வி பயன்படுத்தாமை பற்றியது.

நந்தினி வழக்கில் கேள்வியே வேறு. கூட்டமைப்பு வெறும் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அது நாள்தோறும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அது எழுப்பிய வாதம் ‘இந்த வகுப்பு என்னுடையது’ என்பதோடு நிற்கவில்லை. ‘என் பாலும் தயிரும் செல்லும் இடத்தில் இன்னொருவர் உணவை இதே பெயரில் விற்றால், வாங்குபவர் இரண்டையும் ஒரு கையின் வேலையாக எண்ணுவார்’ என்பதும் அதில் அடங்கியிருந்தது. வகுப்பைக் காட்டி உரிமை கேட்டவருக்கு விஷ்ணுதாஸ் தீர்ப்பு தக்க விடை. சந்தையைக் காட்டி உரிமை கேட்டவருக்கு அதில் விடை இல்லை. இரண்டையும் பிரிக்காமல் ‘ஒரே வகுப்பு என்பது போதாது’ என்று முடித்தால், கூட்டமைப்பின் வலுவற்ற வாதம் வீழ்கிறது, வலுவான வாதம் விசாரிக்கப்படாமலே எஞ்சுகிறது.

வலுவான வாதத்தை விசாரிக்க நம் நீதிமன்றங்களுக்கு ஒரு பழைய முறை உண்டு. 1959இல் தீர்க்கப்பட்ட குளூவிட்டா வழக்கில் ஒருபுறம் ‘குளூக்கோவிட்டா’ என்ற குளுக்கோஸ் தூள், மறுபுறம் ‘குளூவிட்டா’ பிஸ்கட். தூளும் பிஸ்கட்டும் ஒரே சரக்கல்ல என்பது எவருக்கும் தெரியும். ஆனாலும் பிஸ்கட் செய்ய குளுக்கோஸ் பயன்படுவதை வாங்குபவர் அறிவார், ஆகவே இரண்டுக்கும் இடையே வணிகத் தொடர்பு இருப்பதாக எண்ணுவார் என்று உச்ச நீதிமன்றம் கண்டது. பிஸ்கட்டுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொன்னது: பதிவேட்டில் ஒரு குறி இருப்பது அது சந்தையில் புழங்குவதற்குச் சான்றாகாது. பதிவேட்டையும் சந்தையையும் பிரித்துப் பார்த்து, ஒப்பீட்டைச் சந்தையில் நின்று செய்வது என்ற ஒழுங்கு இந்த இரண்டு கருத்துகளாலும் உருவானது. அதை நந்தினிக்குப் பொருத்திப் பாருங்கள். தயிரும் நெய்யும் காபிப் பாலும் இல்லாமல் தென்னிந்தியாவில் எந்த உணவகத்தின் அடுப்படி நடக்கும்? பிஸ்கட்டுக்குள் குளுக்கோஸ் எவ்வளவு நெருக்கமோ, உணவகச் சாப்பாட்டுக்குப் பால் அதைவிட நெருக்கம். குளூவிட்டாவின் அளவுகோலால் அளந்தால் தொடர்பு இல்லை என்று சொல்வது கடினம்.

தோற்ற வேறுபாடு பற்றி நான் நீண்ட விவாதம் செய்யப்போவதில்லை. விளக்கும் பசுவும் வேறு வேறு என்பது சரிதான். ஆனால் உணவின் பெயர் நம் ஊர்களில் வாயால் கேட்கப்படுகிறது, வாயால் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் சேர்த்த ‘எச்’ கன்னடத்திலும் தமிழிலும் காணாமற்போகிறது. அரைகுறை நினைவோடு கடைக்கு வரும் சாதாரண வாங்குபவரை அளவாக வைத்த தீர்ப்பு மரபில், படத்தைக் காட்டி ஒலியை ஒதுக்குவது ஏற்கத்தக்கதல்ல.

அப்படியானால் முடிவு தவறா? தவறு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. 1962இன் அமிர்ததாரா வழக்கு இங்கே வழிகாட்டுகிறது. அது உணவு வழக்கல்ல, மருந்து வழக்கு. ஆனால் அதன் கட்டமைப்பு நந்தினிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, அதை இப்படி வைத்துப் படித்தவர் குறைவு. லாகூரில் 1903 முதல் விற்கப்பட்ட ‘அமிர்ததாரா’ முந்தியது, கான்பூரில் 1923 முதல் விற்கப்பட்ட ‘லக்ஷ்மண்தாரா’ பிந்தியது. பிந்தியவர் பதிவு கேட்டார். பதிவாளர் இரண்டு பெயர்களும் குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பதாகக் கண்டார். ஆயினும் முந்தியவர் நெடுங்காலம் அறிந்தும் தடுக்கவில்லை என்பதைச் சிறப்புச் சூழலாக ஏற்று, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் செல்லும்படி பதிவு கொடுத்தார். அலகாபாத் உயர் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது: பெயர்கள் ஒத்தே இல்லை, எனவே வரம்பில்லாத பதிவு கொடுக்கலாம் என்றது. உச்ச நீதிமன்றம் அந்தப் பாதையை மறுத்தது. கிராமத்து, நகரத்து எளிய வாங்குபவரின் காதில் இரண்டும் ஒத்தே ஒலிக்கும் என்று சொல்லி, பதிவாளரின் வரம்பிட்ட பதிவையே நிலைநாட்டியது.

இரண்டு படிகளையும் கவனிக்க வேண்டும். முதலில் ஒப்புமையை ஒப்புக்கொள்வது. பிறகு, ஒப்புமை இருந்தும் உடனிருக்க அனுமதிக்கும் காரணத்தைத் தேடி, வரம்போடு அனுமதிப்பது. அமிர்ததாராவில் உச்ச நீதிமன்றம் இரண்டு படிகளிலும் ஏறிற்று. அலகாபாத் நீதிமன்றம் முதல் படியையே இல்லையென்று சொல்லி மேலே போனது. நந்தினியில் 2018இன் அமர்வு நடந்த பாதை, என் வாசிப்பில், 1962இல் உச்ச நீதிமன்றம் வேண்டாம் என்று தள்ளிய அதே அலகாபாத் பாதை. கிடைத்த பதிவோ வரம்பிட்ட பதிவு. பாலும் பால் பண்டங்களும் வெட்டப்பட்டன. சரக்குகள் உண்மையிலேயே ஒவ்வாதவை, பெயர்கள் உண்மையிலேயே ஒவ்வாதவை என்றால் இந்த வெட்டு எதற்கு? உணவகமே பாலைக் கேட்கப்போவதில்லை என்று விட்டுக்கொடுத்தது என்பார்கள். விட்டுக்கொடுத்ததைப் பதிவின் நிபந்தனையாக நீதிமன்றம் ஆக்கியதே, குழப்பத்துக்கு இடம் உண்டு என்பதை உள்ளூர ஏற்றதன் அடையாளம். நிபந்தனைகளும் வரம்புகளும் விதித்து இருவரையும் பதிவேட்டில் அமர்த்தும் அதிகாரம் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால், அது 12ஆம் பிரிவில் இருக்கிறது.

1989 என்ற ஆண்டும் இதையே சொல்கிறது. இங்கேதான் சட்டத்தின் வாசகத்தை நெருங்கிப் படிக்க வேண்டும். 11ஆம் பிரிவின் விளக்கம், ‘முந்தைய வணிகக் குறி’ எது என்று வரையறுக்கும்போது, நன்கறியப்பட்ட குறியின் தகுதியைப் பிந்தியவரின் விண்ணப்ப நாளில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. பிந்தியவர் கடை திறந்த நாளை அது பேசவில்லை. உணவகம் தொடங்கிய ஆண்டும் அது பதிவுக்கு விண்ணப்பித்த நாளும் ஒன்றல்ல. இடையில் கூட்டமைப்பின் பெயர் கர்நாடகம் முழுவதும் வேரூன்றியது. ஆகவே கேள்வி நன்கறியப்பட்ட குறியைக் காக்கும் 11(2)இன்படிதான் என்றால், ‘1989க்குள் தனித்தன்மை வரவில்லை’ என்ற விடை கேள்விக்குரிய நாளுக்கான விடையாகாது. ஆனால் 12ஆம் பிரிவின்படி கேட்டால் அந்த ஆண்டு மிகச் சரியான இடத்தில் போய் அமர்கிறது. நேர்மையான உடனிகழ் பயன்பாடா என்று பார்க்கும்போது முதலில் கேட்பது, பிந்தியவர் பெயரை எடுத்த அன்று அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதே. நான்கே ஆண்டு வயதுள்ள ஒரு பாலின் புகழைத் திருட எவரும் உணவகம் தொடங்குவதில்லை. தெய்வப் பெயர் என்ற மூன்றாவது இழையும் இங்கேதான் பயன்படுகிறது: அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்கத் திருட்டு நோக்கம் தவிர வேறு இயல்பான காரணம் இருந்திருக்கும் என்பதற்கு அது சான்று. ஒப்புமை இல்லை என்பதற்கு அது சான்றாகவே முடியாது. ஆண்டுக்கணக்கில் இரண்டும் ஒரே நகரில் இருந்தும் குழம்பியவர் ஒருவரும் சாட்சியாக வரவில்லை என்பதும் உடனிகழ் பயன்பாட்டின் வழக்கமான கூறு. ஆக, தீர்ப்பின் நான்கு இழைகளில் இரண்டு 12ஆம் பிரிவுக்குள் தடையின்றிப் பொருந்துகின்றன. மற்ற இரண்டும் தேவையற்றவையாகின்றன.

இந்த வழக்கு சரக்குகளின் வழக்காக ஏன் உருவெடுத்தது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் சரக்குகளுக்கு மட்டுமே பதிவு கொடுத்தது. சேவைக் குறிகளுக்குக் கதவு திறந்தது 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான். 1989இல் உணவகம் தொடங்கிய ஒருவருக்கு, தன் கடைப் பெயரைக் கடைப் பெயராகவே பதிய வழியில்லை. இறைச்சி, மீன், மாவு, காபி என்று சமையலறையில் இருப்பவற்றின் பட்டியலுக்குள்தான் அவர் பெயரை நுழைக்க வேண்டியிருந்தது. எனவே சாட்சியம் முழுவதும் உணவகச் சேவை பற்றியது, கோரிக்கை முழுவதும் சரக்கு வகுப்பு பற்றியது என்ற பொருந்தாமை வழக்கின் பிறப்பிலேயே இருந்தது. வகுப்பு விவாதம் இவ்வளவு இடம் பிடித்ததற்கு அக்காலச் சட்டத்தின் குறையும் ஒரு காரணம். ஒரு சட்டக் குறையின் விளைவைப் பிற்கால வழக்குகளுக்கெல்லாம் விதியாக்குவது முறையல்ல.

என் வாசிப்புக்கு எதிராக வரக்கூடிய வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 11(1) ‘12ஆம் பிரிவில் உள்ளபடி தவிர’ என்று தொடங்குகிறது. 11(2) அப்படித் தொடங்கவில்லை. எனவே நன்கறியப்பட்ட குறிக்கு எதிராக 12ஆம் பிரிவு செல்லாது என்று சொல்லலாம். இதை எளிதில் தள்ள முடியாது. ஆனால் 11(2)க்குள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது: பிந்தியவரின் பயன்பாடு ‘தக்க காரணமின்றி’ முந்தியவரின் புகழில் ஆதாயம் தேடுவதாகவோ அதற்குக் கேடு செய்வதாகவோ இருந்தால்தான் பதிவு மறுக்கப்பட வேண்டும். நேர்மையாகத் தொடங்கி நெடுங்காலம் நடத்திய வணிகம் தக்க காரணமாகாவிட்டால் வேறு எது ஆகும்? சரக்குகள் ஒத்தவை என்றால் 11(1) வழியாக 12ஆம் பிரிவுக்குப் போகிறோம். ஒவ்வாதவை என்றால் 11(2)இன் தக்க காரணத்துக்குப் போகிறோம். இரண்டு பாதையும் பிந்தியவரின் நேர்மையையும் காலத்தையும் கேட்கின்றன. ‘நீதிமன்றமே 12ஆம் பிரிவைச் சொல்லாதபோது நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்’ என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. முடிவை வைத்துக்கொண்டு அதற்கு உறுதியான காரணத்தைத் தேடுவது ஆய்வாளரின் அன்றாட வேலை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. வகுப்பு விதியாகப் படித்தால், நாளைக்கு நந்தினி ஊறுகாய் என்று ஒருவர் புதிதாகப் புறப்பட்டாலும் தீர்ப்பு அவருக்கும் கைகொடுக்கும். ஊறுகாய் பால் அல்லவே. 12ஆம் பிரிவாகப் படித்தால் அவர் தன் நேர்மையையும் ஆண்டுகளையும் காட்ட வேண்டும், காட்ட ஏதுமில்லாதவர் வெளியே நிற்க வேண்டும். 28(3)ஆம் பிரிவு இதை முழுமையாக்குகிறது: ஒத்த குறிக்கு இருவர் பதிவு பெற்றிருந்தால் ஒருவர் மற்றவரைத் தடுக்க முடியாது, ஆனால் மூன்றாமவரை இருவருமே தடுக்கலாம். குறிகள் ஒத்தவையே அல்ல என்று சொல்லிப் பதிவு கொடுத்தால் இந்தப் பாதுகாப்பின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. உணவகத்துக்குமே இது நட்டம். தன் பெயரில் வேறொருவர் பால்கோவா விற்கத் தொடங்கினால், ‘பாலும் உணவகமும் தொடர்பற்றவை’ என்று தானே வென்ற வாதம் தன்னையே திரும்பி வந்து அடிக்கும்.

செலவும் உண்டு. தனியாளும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்க்கு 9,000. இட்லிப் பொடியும் அப்பளமும் செய்யும் ஒரு சிறு தொழிலில், பெயரைக் காக்க வேண்டுமானால் வகுப்பு வகுப்பாகப் பதிய வேண்டும் என்ற அறிவுரையை வகுப்பு வாசிப்பு நியாயமாக்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எண்ணமே இல்லாத வகுப்புகளிலும் பதிந்து வைக்கின்றன. விஷ்ணுதாஸ் தீர்ப்பு ஒழிக்க நினைத்த அதே பழக்கம், அத்தீர்ப்பின் பெயராலேயே வளர்கிறது. இது எனக்கு வருத்தம் தரும் விளைவு.

வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால் இனி இந்தக் கேள்விகள் பதிவாளரிடமிருந்து நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கர்நாடகத்து விண்ணப்பங்களையும் ஏற்கும் சென்னை கிண்டி அலுவலகம் முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கும். அதற்கான சூழலும் உருவாகிவிட்டது. 2024 டிசம்பரில் கூட்டமைப்பு நந்தினி என்ற பெயரிலேயே இட்லி-தோசை மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதில் பாலிலிருந்து எடுக்கும் புரதத்தைச் சேர்த்து. பாலுக்கும் உணவக உணவுக்கும் நடுவே 2018இன் தீர்ப்பு வரைந்த கோட்டைப் பால்காரரே இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறார். மாவு பாலல்ல, தோசை உணவகத்தின் பண்டம். வகுப்பு வாசிப்பின்படி இங்கே கேட்க ஒன்றுமில்லை. என் வாசிப்பின்படி, இருவரில் எவர் இந்தப் பெயரில் மாவுக்கென்று பதிவு கேட்டு வந்தாலும், பதிவாளர் மூன்றைக் கேட்டாக வேண்டும்: மாவை இந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது எந்த நாளில், அன்று மற்றவரின் பெயர் மாவுக்கும் தோசைக்கும் எவ்வளவு நெருங்கி வந்திருந்தது, 2018இல் உணவகத்தின் மேல் வைத்த வரம்புக்கு இணையாகக் கூட்டமைப்பின் மேலும் ஒரு வரம்பு வைக்க வேண்டுமா. மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்பதே என் விடை.